நூறு நாள் வேலை: அடுத்த கிராம சபையில் எதைக் கேட்பது?

தர்மபுரி மாவட்டம் பென்னாகரம் தாலுகாவில் இருக்கிறது எங்கள் ஊர். நூறு நாள் வேலையாக ஏரி வேலை நடக்கும் நாட்களில் காலையில் வந்தவர்களை எல்லாம் வரிசையாக நிறுத்தி ஒரு போட்டோ எடுக்க வேண்டும். சில மணி நேரம் கழித்து இன்னொரு போட்டோ. இரண்டும் ஆப்பில் ஏறினால்தான் அன்றைய வேலை கணக்கில் சேரும். ஏரிப் பள்ளத்தில் சிக்னல் கிடையாது. பணித்தளப் பொறுப்பாளராக இருக்கும் அக்கா போனை எடுத்துக்கொண்டு கரை மேட்டுக்கு ஏறி, வேப்ப மரத்தடியில் நிற்பார். 'ஏறிடுச்சு' என்று அவர் கை காட்டும் வரை கீழே முப்பது பெண்கள் மண்வெட்டியும் பாண்டுமாக வெயிலில் நிற்பார்கள். அதில் எங்கள் அம்மாவும் ஒருவர்.

அம்மாவின் பாஸ்புக்கை எழுதி வாங்கி வருவது என் வேலை. 2024 கார்த்திகையிலும் மார்கழியிலும் செய்த வேலைக்கான கூலி, பங்குனி முடியும்போதுதான் ஏறியது. நடுவில் நான்கு மாதம் அந்தப் பக்கத்தில் ஒன்றுமே இல்லை. பொங்கலும் வாரத் தவணைக் குழுவின் வியாழக்கிழமைகளும் நிற்காமல் வந்தன. அம்மாவின் தோடு அடகுக்குப் போனது. பணம் வந்தபோது அதில் பாதி வட்டிக்கே சரியாகிவிட்டது. இது யார் தவறு என்று பாஸ்புக் சொல்லாது.

இப்போது சட்டமே மாறிவிட்டது. 2025 டிசம்பர் 18-ல் நாடாளுமன்றம் 'விபி ஜி ராம் ஜி' என்று சுருக்கிச் சொல்லப்படும் புதிய சட்டத்தை நிறைவேற்றியது. டிசம்பர் 21-ல் குடியரசுத் தலைவர் ஒப்புதல் கொடுத்தார். 2005-ல் வந்த மகாத்மா காந்தி ஊரக வேலை உறுதிச் சட்டத்தின் இடத்துக்கு இது வருகிறது. அடுத்த கிராம சபையில் இதைப் பற்றி என்ன தீர்மானம் போடுவது என்று எங்கள் ஊரில் ஒரு மாதமாகப் பேச்சு. ஊராட்சித் தலைவர், வார்டு உறுப்பினர் எல்லோருடைய பதவிக்காலமும் 2025 ஜனவரி 5-ம் தேதியோடு முடிந்து, தர்மபுரி, கிருஷ்ணகிரி உட்படப் பல மாவட்டங்களில் தனி அலுவலர் கையில் ஊராட்சி போனது. ஊர் சார்பாகப் பேச ஒரு தலைவர் இல்லாதபோது, கிராம சபையில் எழுதி வைக்கும் நாலு வரிதான் ஊரின் குரல். அதை யோசித்துத்தான் எழுத வேண்டும்.

நான் கேட்டவரை ஊரில் நான்கு கருத்துகள் இருக்கின்றன. பழைய சட்டத்தையே திரும்பக் கொண்டு வா என்று தீர்மானம் போட வேண்டும் என்பது ஒன்று. வந்த சட்டத்தை வைத்துக்கொண்டு, மாநிலம் தன் பங்கை முழுமையாக ஒதுக்க வேண்டும் என்று கேட்பது இரண்டாவது. டெல்லியை நம்பாமல் மாநிலமே தனியாக வேலைத் திட்டம் நடத்தட்டும் என்பது மூன்றாவது. வேலையே வேண்டாம், காசாகக் கொடுத்துவிடட்டும் என்பது நான்காவது. அந்தந்தக் கருத்துக்காரர் கையில் அந்தந்தக் கட்சியின் நோட்டீஸும் இருக்கிறது.

நோட்டீஸில் இருப்பதை முதலில் பார்த்துவிடலாம். (டெல்லி அரசை ஒன்றிய அரசு என்றால் ஒரு கட்சி, மத்திய அரசு என்றால் இன்னொரு கட்சி என்று ஆகிவிட்டது. எங்கள் ஊரில் ஒன்றியம் என்றால் பி.டி.ஓ. ஆபீஸ். அதனால் நான் டெல்லி என்றே எழுதுகிறேன்.) ஒரு நோட்டீஸ் சொல்கிறது: 100 நாள் 125 நாளாகிவிட்டது. இன்னொன்று சொல்கிறது: காந்தியின் பெயரை எடுத்துவிட்டார்கள். இரண்டுமே உண்மை. ஆனால் நாளின் எண்ணிக்கையும் பெயரும் கொட்டை எழுத்தில் இருக்கின்றன. பணத்தை யார் தருவது, எப்போது தருவது என்பது இரண்டு நோட்டீஸிலும் கடைசி வரியில் கூட இல்லை.

இந்தத் திட்டம் பற்றி ஆள்பவர்கள் பேசுவதும் பணம் போகும் வழியும் எப்போதும் ஒன்றாக இருந்ததில்லை. 2015 பிப்ரவரியில் மக்களவையில் பேசிய பிரதமர் மோடி, காங்கிரஸ் ஆட்சிகளின் தோல்விக்கு இது ஒரு நினைவுச் சின்னம் என்றார். அதே அரசுதான் 2020-ல் கொரோனா வந்து ஜனங்கள் பெங்களூரிலிருந்து நடந்தே ஊர் திரும்பியபோது கூடுதலாக 40,000 கோடி ரூபாயை இந்தத் திட்டத்துக்குக் கொடுத்தது. அப்புறம் 2023-24 பட்ஜெட்டில் 60,000 கோடி என்று ஒதுக்கினார்கள். அதற்கு முந்தைய வருடத்தின் திருத்திய மதிப்பீடு 89,400 கோடி. அந்த வெட்டு நிற்கவில்லை. வேலை கேட்டு வந்த ஜனங்களை வைத்து, வருடக் கடைசியில் 86,000 கோடியாக உயர்த்த வேண்டி வந்தது. ஆனால் முதலில் குறைத்துப் பிறகு கூட்டுவதற்கு நடுவில் உள்ள மாதங்களில்தான் பாஸ்புக் காலியாக இருக்கிறது. பட்ஜெட்டில் வெட்டு என்பது ஏரிக்கரையில் 'வேலை இல்லை' என்று வராது. 'வேலை செய், கூலி பிறகு' என்றுதான் வரும்.

மாநிலத்தின் பக்கமும் அப்படித்தான். தி.மு.க.வின் 2021 தேர்தல் அறிக்கையில் 100 நாள் 150 நாளாக்கப்படும் என்று இருந்தது. எங்கள் ஊரில் அந்த 150 நாளை யாரும் பார்க்கவில்லை.

2025-ல் நடந்த சண்டை இதற்கு நல்ல உதாரணம். ஜனவரியில் முதல்வர் ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதம் எழுதினார்: கூலி பாக்கி 1,056 கோடி, உடனே கொடுங்கள். மார்ச்சில் மொத்த பாக்கி 4,034 கோடி என்று சொல்லி தி.மு.க. மாநிலம் முழுக்க ஒன்றியம் ஒன்றியமாக ஆர்ப்பாட்டம் நடத்தியது. அதற்குச் சில நாள் முன்னால் மக்களவையில் இணை அமைச்சர் சந்திரசேகர் பெம்மசானி பதில் சொன்னார்: 7 கோடிப் பேர் இருக்கும் தமிழ்நாட்டுக்கு 10,000 கோடிக்கு மேல் கொடுத்திருக்கிறோம், 20 கோடிப் பேர் இருக்கும் உத்தரப் பிரதேசத்துக்கும் கிட்டத்தட்ட அவ்வளவுதான் கொடுத்தோம்.

எங்கள் டீக்கடையில் இது பெரிய விவாதமாகப் போனது. யார் பொய் சொல்கிறார்கள் என்று ஒரு அண்ணன் கேட்டார். பொய் என்று எதையும் சொல்ல முடியாதுங்கண்ணா, கேள்வியே வேறு வேறு என்றேன். ஒருவர் பாக்கியைச் சொல்கிறார், இன்னொருவர் கொடுத்ததைச் சொல்கிறார். பத்து மூட்டை கொடுத்தேன் என்பது, பதினோராவது மூட்டைக்குப் பணம் எங்கே என்பதற்குப் பதில் ஆகாது. ஜனத்தொகையை வைத்து ஒப்பிடுவதும் சரியில்லை. பழைய சட்டத்தில் பணம் தலைக்கு இவ்வளவு என்று பிரித்துக் கொடுப்பதில்லை. யார் வேலை கேட்கிறார்களோ அவர்களுக்குக் கொடுப்பது. 2024-25-ல் இங்கே நாள் கூலி 319 ரூபாய், உத்தரப் பிரதேசத்தில் 237. எங்கள் பெண்கள் அதிகமாக வேலை கேட்டார்கள், வேலை செய்தார்கள். அதைக் குற்றம் மாதிரி சொன்னது எனக்கு உண்மையிலேயே வலித்தது.

சரி, சட்டத்துக்குள் வருவோம். மாறியிருப்பதில் முக்கியமானவை மூன்று. நான் இதைக் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன், ஏனென்றால் முடிவு இதில்தான் இருக்கிறது.

பழைய சட்டத்தில் கூலி முழுவதும் டெல்லியின் பொறுப்பு. சாமான் செலவில் முக்கால் பங்கு டெல்லி, கால் பங்கு மாநிலம். 100 ரூபாய்ச் செலவில் 60 கூலி, 40 சாமான் என்று வைத்தால் மாநிலத்தின் கையிலிருந்து போவது 10 ரூபாய். புதிய சட்டத்தில் கூலி, சாமான் எல்லாவற்றிலும் 60 டெல்லி, 40 மாநிலம். அதாவது 10 ரூபாய் 40 ரூபாய் ஆகிறது.

இரண்டாவது மாற்றம் இதைவிடப் பெரியது, யாரும் அதிகம் பேசாதது. எந்த மாநிலத்துக்கு எவ்வளவு என்று டெல்லி முன்கூட்டியே ஒரு தொகையை நிர்ணயிக்கும். அதற்கு மேல் செலவானால் முழுவதும் மாநிலத்தின் தலையில். இதை ஒரு ஊரை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஊரில் 200 வேலை அட்டை, அட்டைக்கு 50 நாள் என்று வைத்துக்கொள்வோம். 10,000 மனித நாள். 2025-26-ல் தமிழ்நாட்டுக்கு அறிவித்த கூலியான 336 ரூபாயில் பெருக்கினால் 33,60,000 ரூபாய். டெல்லியின் ஒதுக்கீடு 10,000 நாளுக்கும் இருந்தால் மாநிலம் தர வேண்டியது 13,44,000. ஆனால் ஒதுக்கீடு 7,000 நாளுக்குத்தான் என்றால்? அந்த 7,000 நாளில் மாநிலப் பங்கு 9,40,800. மீதி 3,000 நாளின் 10,08,000 முழுவதும் மாநிலத்தின் மேல். கூட்டினால் 19,48,800. மொத்தத்தில் 58 சதவீதம். 60:40 என்று நோட்டீஸில் போட்டது அந்த ஊரில் 42:58 ஆகிவிடும். மாநிலத்திடம் பணம் இல்லை என்றால் அந்த 3,000 நாள் வேலையே நடக்காது. ஆகையால் 125 நாள் என்பது ஒதுக்கீடு எவ்வளவு என்று தெரியும் வரை வெறும் எண். பழைய சட்டத்தின் 100 நாளே பெரும்பாலான குடும்பங்களுக்குக் கிடைத்ததில்லை. நாடு முழுவதற்கும் சராசரி 50 நாளை ஒட்டித்தான் இருந்தது.

மூன்றாவது, விதைப்பும் அறுவடையும் மும்முரமாக இருக்கும் காலத்தில் வருடத்துக்கு மொத்தம் 60 நாள் வேலையை நிறுத்தி வைக்கலாம். எந்த 60 நாள் என்பதை மாநிலம் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். பகுதிக்குப் பகுதி வேறு வேறாகவும் அறிவிக்கலாம். இந்தக் கடைசி வரியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன்.

இனி நான்கு வழிகள்.

பழைய சட்டத்தையே கேட்பது நியாயமான கோரிக்கை. அந்தச் சட்டத்தின் உயிர் எங்கே இருந்தது என்றால், கேட்டால் 15 நாளுக்குள் வேலை கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் வேலையில்லாப் படி தர வேண்டும் என்பதில். பணம் இருந்தால் வேலை என்று இருந்த அரசுத் திட்டங்களுக்கு நடுவில், வேலை கேட்டால் பணம் தேடிக் கொடு என்று சொன்ன சட்டம் அது. தர்மபுரி, கிருஷ்ணகிரிக்கு இது 2008-ல் வந்தது. அதற்கு முன்னால் பங்குனி, சித்திரையில் எங்கள் ஊரில் வயதானவர்களைத் தவிர ஆளே இருக்காது என்று அம்மா சொல்வார். பெங்களூர் கட்டட வேலைக்குக் குடும்பத்தோடு போய்விடுவார்கள், பிள்ளைகளின் படிப்பு அதோடு போகும். இப்போதும் ஆண்கள் போகிறார்கள். ஆனால் தாயும் பிள்ளைகளும் ஊரில் இருக்கிறார்கள். அதற்கு ஏரி வேலையும் ஒரு காரணம். இந்த உரிமையை ஒதுக்கீட்டுக்குள் அடைப்பது தவறு என்று கிராம சபை சொல்ல வேண்டும். சொல்லியே ஆக வேண்டும்.

ஆனால் அது மட்டும் போதுமா? நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தை எங்கள் ஊர்த் தீர்மானம் மாற்றாது. சட்டம் திரும்ப வருகிறதோ இல்லையோ, வருகிற மாசியில் அம்மாவுக்கு வேலை வேண்டும். பழைய சட்டத்தின் கீழ்தான் அந்த நான்கு மாதக் கூலி நின்றது என்பதையும் மறக்கக் கூடாது. மேற்கு வங்கத்தில் முறைகேடு என்று சொல்லி 2022 மார்ச்சில் டெல்லி நிறுத்திய பணம் மூன்று வருடத்துக்கு மேல் வரவே இல்லை. வேலையைத் திரும்பத் தொடங்கச் சொல்லி 2025 ஜூனில் கல்கத்தா உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது, அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் அதில் தலையிட மறுத்தது. நல்ல சட்டம் இருந்தும் அங்கே இருந்த எங்களைப் போன்ற பெண்கள் மூன்று வருடம் காத்திருந்தார்கள்.

மாநிலமே தனியாக நடத்துவது பற்றி. கேட்க இனிப்பாக இருக்கிறது, முன்மாதிரியும் இருக்கிறது. மேற்கு வங்கமே டெல்லி கொடுக்காத கூலியை 2024-ல் தன் கஜானாவிலிருந்து கொடுத்து, 50 நாள் வேலைக்குத் தனியாக ஒரு திட்டமும் தொடங்கியது. ராஜஸ்தான் 100 நாளுக்கு மேல் 25 நாளை மாநிலப் பணத்தில் சேர்த்தது, 2023-ல் அதற்குச் சட்டமும் போட்டது. எல்லாவற்றுக்கும் மூத்தது மகாராஷ்டிரம். 1972 பஞ்சத்தின்போது தொடங்கி, 1977-ல் சட்டம் இயற்றி, நகரத்தில் சம்பளம் வாங்குபவர்களிடம் தொழில் வரி வசூலித்து, அதை இதற்கென்றே ஒதுக்கி வைத்தார்கள். அந்த வரிக்குச் சமமாக அரசும் பணம் போட்டது. எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது. திட்டத்துக்கென்று ஒரு வரி இருந்தால், பட்ஜெட் வெட்டு வரும்போது முதலில் இதில் கை வைக்க முடியாது.

நம்மிடம் தொழில் வரி உள்ளாட்சிக்குப் போகிறது, ஊராட்சிகளும் அதில்தான் தெருவிளக்கு போடுகின்றன. அரசியல் சட்டப்படி ஒருவரிடம் வருடத்துக்கு 2,500 ரூபாய்க்கு மேல் வாங்கவும் முடியாது. அதை எடுத்து இங்கே போட்டால் ஊராட்சி காய்ந்துவிடும். வேறு எங்கிருந்து வரும்? 2025-26 பட்ஜெட்டில் தமிழ்நாட்டின் வருவாய்ப் பற்றாக்குறை 41,635 கோடி. முழுத் திட்டத்தையும் மாநிலமே எடுத்து நடத்தும் என்று யாராவது மேடையில் சொன்னால், எந்த வரியில் என்று கேட்க வேண்டும்.

காசாகக் கொடுப்பது பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. மகளிர் உரிமைத் தொகைக்கான விண்ணப்ப முகாம் 2023 ஜூலையில் எங்கள் மாவட்டத்துத் தொப்பூரில்தான் தொடங்கியது. அந்த ஆயிரம் ரூபாய் எங்கள் வீட்டில் என்ன செய்திருக்கிறது என்று எனக்குத் தெரியும், அதைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அதை 1,500 ஆக்கினால் வருடத்துக்குக் கூடுவது 6,000. 50 நாள் ஏரி வேலையின் கூலி 16,800. அளவெடுத்துப் போடும் கூலி என்பதால் முழுத் தொகை எல்லா வாரமும் வராது, அதைக் கழித்தாலும் இரண்டும் கிட்டேகூட வராது. அப்புறம் ஏரி? ஒகேனக்கல் குடிநீர் 2013-ல் வந்தது. அதற்கு முன்னால் ஆழ்துளைக் கிணற்றின் ஃபுளோரைடு தண்ணீரைக் குடித்துப் பல் பழுத்த தலைமுறை எங்களுடையது. குடிக்கத்தான் ஒகேனக்கல். மாட்டுக்கும் காட்டுக்கும் (எங்கள் பக்கம் காடு என்றால் விவசாய நிலம்) இன்றைக்கும் ஏரியை நம்பிய கிணறுதான். தூர் வாரிய வருடத்தில் எங்கள் சித்தப்பா கிணற்றில் சித்திரை வரை தண்ணீர் நின்றது.

கடைசியில் நான் நிற்கும் இடம், புதிய சட்டத்தை வைத்துக்கொண்டு மாநிலத்திடம் பங்கைக் கேட்பது. இதைச் சொன்னபோது ஊரில் இரண்டு பக்கமும் கோபம் வந்தது. 'அப்போ நீ அவங்க கட்சியா கண்ணு?' என்று ஒரு பெரியம்மா கேட்டார். இல்லை பெரியம்மா, மாசி மாதக் கட்சி என்றேன். மாசி முதல் வைகாசி வரை எங்கள் பக்கம் காட்டில் வேலை கிடையாது. அந்த நான்கு மாதத்தில் வேலை நடக்க வேண்டும், 15 நாளில் கூலி வர வேண்டும். எந்த வழியில் இது நடக்கும் என்பதை வைத்துத்தான் நான்கையும் எடை போட்டேன்.

மாநிலம் தர வேண்டியது எவ்வளவு இருக்கும்? அமைச்சர் சொன்ன 10,000 கோடியையே அளவாக வைத்தால் 40 சதவீதம் 4,000 கோடி. பழைய முறையில் கொடுத்துவந்த சாமான் பங்கு இதில் கழியும். மகளிர் இலவசப் பேருந்துப் பயணத்துக்கு 2025-26-ல் ஒதுக்கியது 3,600 கோடி, உரிமைத் தொகைக்கு 13,807 கோடி. ஆக, பெரிய தொகைதான், ஆனால் மாநிலத்தால் தூக்கவே முடியாத தொகை என்று சொல்ல முடியாது. இந்தச் சுமையை டெல்லி தள்ளிவிட்டது அநியாயம் என்பதும், தள்ளிவிட்ட பிறகு மாநிலம் அதைக் காட்டி வேலையை நிறுத்தக் கூடாது என்பதும் ஒரே தீர்மானத்தில் அடுத்தடுத்த வரியாக இருக்கலாம். ஒன்றை எழுதினால் மற்றதை எழுதக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. கட்சி மேடையில்தான் இரண்டையும் சேர்த்துச் சொல்ல முடியாது.

இதோடு ஒரு சுழல் நிதியும் கேட்க வேண்டும் என்பது என் எண்ணம். டெல்லிப் பணம் தாமதமானால், 15-வது நாள் மாநிலம் அந்த நிதியிலிருந்து கூலியைப் போட்டுவிட வேண்டும், டெல்லிப் பணம் வந்ததும் கழித்துக்கொள்ள வேண்டும். மூன்றாவது வழியில் உள்ள நல்லது இவ்வளவுதான் எங்களுக்கு வேண்டும். 2025-ல் அது இருந்திருந்தால் அம்மாவின் தோடு அடகுக்குப் போயிருக்காது.

அடுத்தது அந்த 60 நாள். இதில் எங்கள் ஊரிலேயே இரண்டு தரப்பு. கடலைக்காய் பிடுங்க ஆள் கிடைக்காமல், மழையில் காய் முளைத்துப் போனதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். இரண்டு ஏக்கர், மூன்று ஏக்கர் வைத்திருப்பவர்கள்தான், பெரிய பண்ணைக்காரர்கள் யாரும் இல்லை. அவர்கள் சொல்வதை ஒதுக்க முடியாது. வேலைக்குப் போகிறவர்களோ, ஏரி வேலை இருப்பதால்தான் காட்டு வேலைக்கும் கொஞ்சம் கூலி கூடியது, அதை நிறுத்தினால் பழையபடி கேட்ட கூலிக்குப் போக வேண்டி வரும் என்கிறார்கள். அதுவும் உண்மை. என் கணிப்பில் இதை முடிவு செய்வது எந்த மாதம் என்பதுதான்.

இங்கே மானாவாரி. ஆடியில் கேழ்வரகும் கடலையும் விதைக்கிறோம், ஐப்பசியிலிருந்து மார்கழிக்குள் அறுவடை முடிகிறது. அந்த நாட்களில் 60 நாளை வைத்தால் பெரிய நஷ்டம் இல்லை, அப்போது காட்டிலேயே வேலை இருக்கிறது. ஆனால் மாநிலம் முழுவதற்கும் ஒரே அட்டவணை போட்டு, காவிரி டெல்டாவின் சம்பா அறுவடையை வைத்து தை, மாசியில் நிறுத்தினால் எங்களுக்கு வயிற்றில் அடி. டெல்டாவில் ஆள் தேவைப்படும் மாசியில்தான் இங்கே அடுப்புக்கு ஏரி வேலை வேண்டும். கிருஷ்ணகிரியில் கதை வேறு. பர்கூர், போச்சம்பள்ளிப் பக்கம் மாங்காய் பறிப்பு வைகாசி, ஆனியில். மாந்தோப்புக்காரர்கள் அந்த மாதங்களைக் கேட்பார்கள். ஒரே மாவட்டமாக 2004 வரை இருந்த ஊர்களுக்குள்ளேயே இவ்வளவு வித்தியாசம். பகுதிக்கேற்ப அறிவிக்கலாம் என்று சட்டத்தில் இருக்கும் வரியைப் பிடித்துக்கொண்டு, எங்கள் ஒன்றியத்துக்கு எந்த 60 நாள் என்று கிராம சபையே எழுதிக் கொடுக்க வேண்டும். யாரும் கேட்காவிட்டால் சென்னையில் ஒருவர் ஒரே நாளில் 37 கிராமப்புற மாவட்டத்துக்கும் சேர்த்துத் தேதி போட்டுவிடுவார்.

போன வாரம் ஊராட்சிச் செயலரிடம் தீர்மானத்தின் நகலைக் காட்டினேன். நீளமாக இருக்கிறது, ஒரு வரியாகச் சுருக்கித் தாருங்கள் என்றார். சுருக்கினால் ஏதாவது ஒரு கட்சியின் வரியாகத்தான் ஆகும் என்பதால் ஐந்து வரியாக வைத்திருக்கிறேன். வேலை கேட்டால் கிடைக்கும் என்ற உரிமையை ஒதுக்கீட்டு வரம்புக்குள் அடைத்ததை இந்தக் கிராம சபை எதிர்க்கிறது என்பது முதல் வரி. மாநிலம் தன் 40 பங்கையும், வரம்புக்கு மேல் போகும் நாட்களின் கூலியையும் பட்ஜெட்டில் தனித் தலைப்பில் காட்டி ஒதுக்க வேண்டும் என்பது இரண்டாவது. 15 நாளில் கூலி தரச் சுழல் நிதி, மூன்றாவது. எங்கள் பகுதியின் 60 நாளை ஆடியிலும், ஐப்பசி முதல் மார்கழி வரையிலும் மட்டும் வைக்க வேண்டும், மாசி முதல் வைகாசி வரை ஒரு நாளும் நிறுத்தக் கூடாது என்பது நான்காவது. பாக்கி எவ்வளவு, எந்தத் தேதியிலிருந்து என்று மாதா மாதம் ஊராட்சி அலுவலகப் பலகையில் எழுதி வைக்க வேண்டும் என்பது ஐந்தாவது.

ஐந்தாவதைச் சேர்க்கச் சொன்னது அம்மா. அம்மாவுக்குப் படிக்க வராது. 'நீ படிச்சுச் சொல்லு, நான் எல்லாருக்கும் சொல்லிக்கிறேன்' என்றார். முதல் கையெழுத்துக்குப் பதிலாக அவருடைய கைநாட்டுதான் அந்தத் தாளில் இருக்கிறது.